விடுதலைக்கு ஒரு கையெழுத்து

“ஓடிப்போறதுக்கும் ஒரு புத்தகம் வேணும்ல மேடம். அதத்தான் காணோம்.”

போனில் அந்தப் பெண் குரல் அவ்வளவுதான் சொன்னது. அதற்குப் பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் வந்தது. சகுந்தலா விலாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்தார். எதிரில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த வசீம், பிரித்த வேகத்திலேயே அதை மறுபடி மடித்தான்.

தில்லை நகரில் ஒரு பல் வைத்தியரின் தலைக்கு மேல் இருந்தது அவர்களுடைய துப்பறியும் அலுவலகம். கீழே பல்லைப் பிடுங்குகிறார்கள், மேலே உண்மையைப் பிடுங்குகிறோம், வலி என்னவோ ஒன்றுதான் என்று வருகிறவர்களிடமெல்லாம் வசீம் சொல்லிவைப்பான். பெரிய கடை வீதியில் அத்தாவின் ஜவுளிக்கடைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவன். புடவையைத் தொடுகிற விரலைப் பார்த்தே, வாங்க வந்தவரா வெயிலுக்கு ஒதுங்கியவரா என்று சொல்லிவிடுவான். சகுந்தலா வேறு பள்ளிக்கூடம். திருச்சி விமான நிலையத்தில் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் பார்க்கிற கவுன்ட்டரில் பாதி ஆயுளைக் கழித்தவர். வசீம் ஆளைப் படிப்பான், சகுந்தலா ஆள் நீட்டுகிற காகிதத்தைப் படிப்பார். அதனால்தான் இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

கார் காவிரிப் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தபோது சகுந்தலா விஷயத்தைச் சொன்னார். பெண்ணின் பெயர் கலைமதி. மலேசியாவில் கிள்ளான் பக்கம், ஒரு கிளினிக்கில் நர்ஸ். செத்துப்போன அப்பா தர்மராஜின் அஸ்தியை அம்மா மண்டபத்துக் காவிரிப் படித்துறையில் கரைக்க வந்தவள். வந்த காரியம் முடிந்தும் சித்தப்பா மகன் ‘இரு, இரு’ என்று இழுத்து வைத்ததில் விசாவின் கடைசி நாள் வந்துவிட்டது. அது இன்றைக்குத்தான். இன்று ராத்திரி விமானம். ஊரில் மூன்று வயதுப் பெண் குழந்தை, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே அம்மா என்று ஓடுகிறதாம். பாஸ்போர்ட்டை நேற்று சாயங்காலம் முதல் காணோம்.

வேறொன்று வாங்கிவிட வேண்டியதுதானே என்று வசீம் கேட்டான்.

“யாருகிட்ட வாங்குறது? மொதல்ல போலீஸ்ல புகார் எழுதி வாங்கணும். அதை எடுத்துக்கிட்டு சென்னைக்குப் போயி அவங்க நாட்டு ஆபீஸ்ல ஒரு தற்காலிகக் காகிதம். அப்புறம் நம்ம ஆளுங்ககிட்ட வெளிய போக அனுமதி. அதுக்குள்ள விசா செத்துப்போயிருக்கும். செத்த விசாவோட உக்காந்திருந்தா அபராதம். அடுத்த தடவ வரேன்னு கேட்டா, வேணாம்னுகூடச் சொல்லுவாங்க.”

“உள்ள வர்றதுக்குத்தான் அனுமதி வேணும்னு நெனச்சேன் மேடம்.”

“வெளிய போறதுக்கும் வேணும். கல்யாணம் மாதிரி.”

“அதான் நான் பாஸ்போர்ட்டும் எடுக்கல, பொண்ணும் பாக்கல.”

ஸ்ரீரங்கத்துக்குள் எத்தனையோ தடவை வந்திருக்கிறான் வசீம். அன்றைக்குத்தான் அந்த ஊரின் அமைப்பு அவனுக்கு உறைத்தது. ஒரு மதிலைத் தாண்டினால் வீதி, வீதி முடிந்தால் இன்னொரு மதில். பெட்டிக்குள் பெட்டி வைத்து அனுப்பிய பார்சல் மாதிரி. நடுவில் பெருமாள் சௌக்கியமாகப் படுத்திருக்கிறார், அவருக்கு விசா பிரச்சினை இல்லை.

வடக்குச் சித்திரை வீதியில் அந்த வீடு. வாசலை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கார் நின்றது. பக்கவாட்டில் உடம்பைத் திருப்பித்தான் உள்ளே போக முடிந்தது. சொந்தக்காரர் ஸ்ரீரங்கராஜன், வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் திருமண் பளிச்சென்று இருந்தது, முகத்தில் ரத்தம் இல்லை. மாடி அறையை வெளிநாட்டிலிருந்து சேவிக்க வருகிறவர்களுக்குத் தங்கக் கொடுப்பார். போர்டு கிடையாது, ரசீது கிடையாது.

“போலீஸ் மட்டும் வேண்டாம். அடியேன் க்ருஹத்துல இதுவரைக்கும் ஒரு அபசாரமும் நடந்ததில்லே,” என்றார், யாரும் ஒன்றும் கேட்பதற்கு முன்பே.

கேட்காமலே விலையைக் குறைக்கிற கடைக்காரனின் சரக்கில் ஓட்டை இருக்கும் என்பது வசீம் குடும்பத்தின் குலவாக்கு. அவன் அவரை மனதுக்குள் தனியாக எடுத்து வைத்தான்.

மாடியில் கலைமதி கட்டிய பெட்டிக்குப் பக்கத்தில் கட்டிலின் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். இரவெல்லாம் அந்த ஓரத்திலேயே இருந்திருப்பாள் போல. வந்தவர்களைப் பார்த்ததும், அவ்வளவு கவலையிலும், பசியாறிட்டீங்களா என்று கேட்டாள். காலைச் சாப்பாட்டை அவர்கள் ஊரில் அப்படித்தான் கேட்பார்களாம். வசீமுக்கு மடித்து வைத்த இட்லி ஞாபகம் வந்தது.

நடந்ததை அவள் சொன்னாள். நேற்றுப் பகல் அண்ணன் முருகானந்தம் தன் காரில் சமயபுரம் கூட்டிப்போனான். அவன்தான் சித்தப்பா மகன், அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறவன். கூட்டத்தில் கைப்பை எதற்கு என்று அவனே வாங்கிக் காரில் வைத்துப் பூட்டினான். திரும்பி வந்து, சாயங்காலம் பார்த்தால் பைக்குள் பாஸ்போர்ட் இல்லை. அதற்குள் மடித்துச் செருகியிருந்த விசாத் தாளும் இல்லை. கிளம்பும்போது பையைத் திறந்து பார்க்காததால் அறையிலேயே போயிருக்குமோ என்று சந்தேகம். இந்த அறைக்கு இரண்டு சாவி. ஒன்று அவளிடம், இன்னொன்று கீழே பெரியவரிடம்.

“அண்ணன் எடுத்திருக்க மாட்டாங்க. இன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே வந்து கீழ துணைக்கு உக்காந்திருக்காங்க. வெளிய எங்கயும் தனியாப் போகாதேன்னாங்க. கடைக்குப் போனாக்கூட கூடவே வராங்க.”

“துணைக்கா, காவலுக்கா?” என்றான் வசீம். சகுந்தலா அவன் காலை மிதித்தார்.

அண்ணனுக்கு உன்னிடம் ஏதாவது காரியம் ஆகவேண்டியிருக்கிறதா என்று அவர் கேட்டபோதுதான் வீட்டு விஷயம் வந்தது. அடையவளஞ்சான் வீதியில் தாத்தா கட்டிய வீடு. அதில் பாதி தர்மராஜுக்கு, அவருக்குப் பின் கலைமதிக்கு. அந்தப் பாதியை விட்டுக்கொடுத்து எழுதித் தரச் சொல்லி முருகானந்தம் கேட்டிருந்தான். அப்பா பிறந்த வீடு, கணவரிடம் கேட்டுக்கொண்டு அடுத்த வருஷம் வந்து முடிவு சொல்கிறேன் என்று இவள் சொல்லியிருந்தாள். அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினானாம்.

சகுந்தலா கீழே இறங்கி, தன்னை டிராவல்ஸ்காரி என்று முருகானந்தத்திடம் அறிமுகப்படுத்திக்கொண்டார். அவன் கூடத்தில் மின்விசிறிக்கு நேர்கீழாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தான். வெளியே போகிற எவரும் அவன் முழங்காலைத் தாண்டித்தான் போகவேண்டும். பாஸ்போர்ட் இல்லாதவள் என்னென்ன படி ஏறி இறங்கவேண்டும் என்று காரில் வசீமிடம் சொன்னதையே சகுந்தலா அவனிடம் இன்னும் கொஞ்சம் காரம் சேர்த்துச் சொன்னார். ஒவ்வொரு படிக்கும் அவன் முகம் வருத்தப்பட்டது. விரல்கள் மட்டும் நாற்காலிக் கையில் தாளம் போட்டன. வாங்க வந்த விரல் என்று வசீம் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டான்.

அந்தப் பாஸ்போர்ட்டை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று சகுந்தலா சாதாரணமாகக் கேட்டார்.

“நான் எதுக்குங்க பாக்கணும்? அது நீலமா செவப்பான்னுகூட எனக்குத் தெரியாது,” என்றான் முருகானந்தம். பிறகு குரலைத் தாழ்த்தி, மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் பெருமாள்தான் பார்க்கணும் என்று சமையற்கட்டுப் பக்கம் கண்ணைக் காட்டினான்.

வசீம் அந்தப் பக்கம் போனான். ஸ்ரீரங்கராஜன் சுவரோடு சுவராக நின்றிருந்தார். இரண்டு கேள்வியிலேயே மனுஷன் கரைந்துவிட்டார். வெளிநாட்டுக்காரர் ஒருவரைத் தங்க வைத்தால் மறுநாளைக்குள் அவர் பாஸ்போர்ட் விவரத்தைக் கம்ப்யூட்டர் வழியாக அரசாங்கத்துக்குத் தெரிவிக்கவேண்டும். சி-பாரம் என்று அதற்குப் பெயர். அவர் தெரிவிக்கவில்லை. தெரிவித்தால் போர்டு இல்லாத விடுதி வெளியே வரும். அதனால் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்க்கவும் இல்லை, நகல் எடுக்கவும் இல்லை. பெயர் கலைமதி, ஊர் மலேசியா, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். பெருமாள் சாக்ஷியா என்று தலையில் கைவைத்தார்.

வசீம் திரும்பி வந்து சகுந்தலாவின் காதில் அதை ஓதினான். ஆள் குற்றவாளிதான், ஆனால் வேறு கடையின் குற்றம் என்றான்.

அப்போது முருகானந்தம் போனில் பேசிக்கொண்டிருந்தான். எதிர்முனையில் பத்திரம் எழுதுகிறவர். காசு பணம் எதுவும் வாங்காமல் என் தங்கச்சிக்கு உதவி செய்ய ஓர் ஆள் சென்னையில் இருக்கிறார், வெளியே போகிற அனுமதியைச் சீக்கிரம் வாங்கித் தருவார், அவள் எனக்கு இந்தச் சின்னக் காரியத்தைச் செய்துவிட்டால் போதும் என்று கொஞ்ச நேரம் முன்பு அவன் சகுந்தலாவிடம் சொல்லியிருந்தான். இப்போது அந்தச் சின்னக் காரியம், வீட்டுப் பாதியை விட்டுக்கொடுக்கிற பத்திரமாக, அச்சாகிக்கொண்டிருந்தது.

“ஆமாங்க, விடுதலைப் பத்திரம். எழுதிக்குடுக்கிறவங்க பேரு ஏ.பி. கலைமதி. ஏ… பி… இனிஷியல்ங்க. ஆமா. தகப்பனார் தர்மராஜ்.”

சகுந்தலாவின் வாய்க்குப் போய்க்கொண்டிருந்த காபி டம்ளர் நடுவழியில் ஒரு கணம் நின்றது. பிறகு போய்ச் சேர்ந்தது. குடித்து முடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்ன வார்த்தைதான் வசீமைத் தூக்கிப்போட்டது.

“கலைமதி, அண்ணன் சொல்றபடி கையெழுத்துப் போட்டுடும்மா. வேற வழி எனக்குத் தெரியல.”

மாடிப்படியில் நின்றிருந்த கலைமதி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு நேரம் அவள் பூட்டிய வீட்டுக்குள் இருந்தாலும், வெளியிலிருந்து இருவர் வந்திருக்கிறார்கள் என்ற ஒரு ஜன்னலாவது திறந்திருந்தது. அதையும் சகுந்தலா சாத்திவிட்டார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் வசீம் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டான்.

புடவை மாற்றிக்கொண்டு வா என்று சகுந்தலாவே அவளை மாடிக்குக் கூட்டிப்போனார். இறங்கி வரும்போது கலைமதி அழவில்லை. சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டுமே என்று முருகானந்தம் கவலைப்பட்டான். அதற்கென்ன, நாங்களே போடுகிறோம் என்றார் சகுந்தலா. அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

கலைமதியை அண்ணன் வாசலில் நின்ற தன் வெள்ளைக் காரிலேயே ஏற்றிக்கொண்டான். பின்னால் போன காரில் வசீமுக்கு வாய் அடங்கவில்லை.

“மேடம், நாம எந்தக் கட்சின்னு சொல்லிட்டீங்கன்னா நான் அதுக்கேத்த மாதிரி மூஞ்சிய வெச்சுக்குவேன்.”

“பத்திர ஆபீஸ்ல கையெழுத்துப் போடப் போறவங்க யாருன்னு எதை வெச்சுடா நம்புவாங்க?”

“ஆதார் கார்டு.”

“மலேசியாக்காரிக்கு ஏது ஆதார்?”

வசீமுக்கு விளங்கியது. பாஸ்போர்ட்டை ஒளித்தவனுக்கும் இன்று அதே பாஸ்போர்ட் தேவை. பூட்டுப் போட்டவன், தானும் உள்ளே நின்றுகொண்டு பூட்டியிருக்கிறான்.

“கேட்டா குடுக்க மாட்டான். போலீஸ் வந்து தேடறதுக்குள்ள இன்னிக்குப் பொழுது போயிடும். அதான் அவனையே எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்,” என்றார் சகுந்தலா.

அவன்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, இனிஷியல் என்று ஒற்றை வார்த்தை சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதிவு அலுவலகத்தில் கல்யாண மண்டபத்தின் நெருக்கடி. முருகானந்தம் டோக்கனை முன்னாடியே போட்டு வைத்திருந்தான். அவர்கள் முறை வந்ததும், சார்பதிவாளரான அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எழுதிக்கொடுக்கிறவரின் அசல் அடையாளச் சான்று எங்கே என்று கேட்டார். கலைமதி அண்ணனைப் பார்த்தாள்.

முருகானந்தம் நெற்றியைத் தட்டிக்கொண்டான். மறந்தே போய்விட்டேன் பாருங்கள் என்று சட்டைக்குள்ளிருந்து ஒரு உறையை எடுத்தான். அதற்குள் சிவப்பாக அந்தப் புத்தகம், அதன் இடுக்கில் மடித்த விசாத் தாள். அரைமணி முன்புதான் கோபுரத்துக்கிட்ட ஓர் ஆட்டோக்காரர் கண்டெடுத்துக் கொடுத்தார், உனக்கு இங்கே வைத்து ஆச்சரியம் கொடுக்கலாம் என்றிருந்தேன் பாப்பா, எல்லாம் சமயபுரத்தாள் செயல் என்றான். கலைமதி கையை நீட்டினாள். அவன் அவள் கைக்கு மேலாக அதை நீட்டி மேஜையில் வைத்தான்.

அம்மாள் பாஸ்போர்ட்டைப் புரட்டி, படத்தையும் முகத்தையும் ஒத்துப்பார்த்தார். பிறகு எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை, எல்லாரிடமும் கேட்கிற அலுப்போடு கேட்டார்.

“பத்திரத்தைப் படிச்சுப் பார்த்தீங்களா? யாரோட கட்டாயமும் இல்லாம, சுய விருப்பத்தோடதானே எழுதிக் குடுக்கிறீங்க?”

வழக்கமாக இந்தக் கேள்விக்கு யாரும் காது கொடுப்பதில்லை, ஆமாம் என்று சொல்லிக்கொண்டே பேனாவைத் தேடுவார்கள். கலைமதி பேனாவைத் தொடவில்லை. அவள் பார்வை அம்மாளின் கையிலிருந்த பாஸ்போர்ட்டை விட்டு நகரவில்லை. ஒரு சொல் தவறினால் அது மறுபடி அந்த உறைக்குள் போய்விடும். அண்ணன் அவள் தோளுக்குப் பின்னால் மூச்சுவிடுகிற தூரத்தில் நின்றான்.

“இல்லைங்க,” என்றாள். இன்னொரு தடவை சொன்னாள். “கட்டாயம் இருக்குங்க. கையெழுத்துப் போட்டாத்தான் என் பிள்ளைகிட்டப் போக முடியும்னு சொன்னாங்க. எனக்கு விருப்பம் இல்ல.”

மாடியில் சகுந்தலா அவள் காதில் சொன்னது இதுதான்: அங்கே பதிவு செய்கிறவர் ஒரு கேள்வி கேட்பார், அதற்கு உண்மையைச் சொல்.

முருகானந்தம் சிரித்தான். விமானப் பதற்றம், உளறுகிறாள் என்றான். பாஸ்போர்ட்டே இப்போதுதான் கிடைத்தது, இதில் நான் எங்கே கட்டாயப்படுத்தினேன் என்றான். அந்த இடத்தில்தான் சகுந்தலா முன்னால் வந்தார்.

“அரைமணி முன்னாடி கெடச்சதுங்களா?”

“ஆமாங்க.”

“அதுக்கு முன்ன கண்ணால பாத்ததே இல்ல?”

“சத்தியமா இல்ல.”

“அப்ப காலையில பத்திரக்காரர்கிட்ட ஏ.பி. கலைமதின்னு எப்படிங்க சொன்னீங்க? உங்க பெரியப்பா பேரு தர்மராஜ். நம்ம ஊரு வழக்கப்படி த. கலைமதின்னுதான் உங்க வாயில வரணும். ஏ.பி. எங்கேருந்து வந்துச்சு?”

சகுந்தலா சார்பதிவாளரிடம் பாஸ்போர்ட்டின் பெயர் வரியைப் படிக்கச் சொன்னார். கலைமதி, பிறகு ஏ, ஒரு சாய்ந்த கோடு, பி, பிறகு தர்மராஜ் என்று அம்மாள் படித்தார்.

“அது இனிஷியல் இல்லைங்க மேடம். மலாய் மொழியில அனாக் பெரெம்புவான். மகள்னு அர்த்தம். அங்க நம்ம சனங்க பேருக்கும் அப்பா பேருக்கும் நடுவுல அதைப் போட்டுத்தான் எழுதுவாங்க. ஏர்போர்ட்ல நான் தெனம் பாத்த எழுத்து. இவரு பாஸ்போர்ட்டைத் தெறந்து பாத்திருக்காரு. பத்திரத்துல பேரு பிசகக் கூடாதுன்னு கவனமாவும் எழுதியிருக்காரு. நம்ம ஊருப் பழக்கத்துல அதை இனிஷியல்னு எடுத்து முன்னாடி போட்டுட்டாரு. இவ தங்கியிருந்த வீட்டுப் பெரியவரு நகலும் எடுக்கல. அந்த ரெண்டு எழுத்து இருந்தது இந்தப் புத்தகத்துலயும் அதுக்குள்ள இருந்த தாள்லயும் மட்டுந்தான்.”

“நான் ஆந்திரப் பிரதேசம்னு நெனச்சேன்,” என்றான் வசீம். யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கும் சிரிப்பு வரவில்லை.

அம்மாள் பத்திரத்தை எடுத்து, எழுதிக்கொடுப்பவர் பெயரை ஒரு தடவை பார்த்தார். பதிவு செய்ய மறுக்கிறேன் என்று ஓரத்தில் குறித்துவிட்டு, உதவியாளரைக் கூப்பிட்டுக் காவல் நிலையத்துக்குப் போன் போடச் சொன்னார். பிறகு பாஸ்போர்ட்டை மேஜைக்கு மேலாக நீட்டினார். முருகானந்தத்தின் கையும் பழக்கத்தில் நீண்டது. அம்மாள் தன் கையை அவனைச் சுற்றிக் கொண்டுபோய்க் கலைமதியின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை மூடிவிட்டார்.

முருகானந்தத்துக்கு இப்போது போக வழியில்லை. வாசலில் கூட்டம், பின்னால் வரிசை, பக்கத்தில் வசீம். குடும்ப விவகாரம், வீட்டோடு பேசிக்கொள்ளலாம், போலீஸ் எதற்கு என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துச் சொன்னான். விலை இறங்கிக்கொண்டே வந்தது, வாங்குகிறவர்தான் இல்லை. கடைசியில் தங்கச்சியிடம் வந்தான்.

“இன்னிக்கு ப்ளேன் ஏறுனா நீ எங்க திரும்பி வரப்போற? சும்மா கெடந்து இடியப் போற வீடு. எனக்காச்சும் ஆவட்டுமே பாப்பா.”

கலைமதி அவனை நேராகப் பார்த்தது அன்றைக்கு அதுதான் முதல் தடவை.

“வருவேண்ணே. இன்னிக்கே போனாத்தான் மறுபடி வர முடியும்.”

சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தாள். கூட்டம் வழிவிட்டது. பெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி பாலத்தைத் தாண்டி விமான நிலையத்துக்குப் போகிற வழியெல்லாம் வசீம் அவ்வப்போது கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தான். பாஸ்போர்ட்டை அவள் பைக்குள் வைக்கவே இல்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது, குழந்தையாகத்தான் இருக்கும். அதை எடுப்பதற்குக்கூட ஒரு கையைத்தான் விடுவித்தாள்.